கிளாஸ்கோவில் ஸ்டாக் வார இறுதி: முதன்முறை பொறுப்பேற்கும் மாப்பிள்ளைத் தோழனுக்கு

பன்னிரண்டு ஆண்கள் ஒன்றாக வந்து நின்றால் எந்த கிளப் வாசலிலும் காவலாளியின் முகம் மாறும். கல்யாணத்துக்கு முன் மாப்பிள்ளையை அழைத்துக்கொண்டு நண்பர்கள் இரண்டு இரவு ஊர் சுற்றுவது பிரிட்டனில் ஊறிப்போன வழக்கம்; இதற்கு ஸ்டாக் என்று பெயர். வாசலில் திருப்பி அனுப்பப்பட்டு, அடுத்து எங்கே போவது என்று மழையில் நிற்கும் கூட்டமும் அதே அளவு வழக்கமான காட்சி. பணம் போதாமல் கெடும் ஸ்டாக் குறைவு. கூட்டத்தின் அளவையும் கடிகாரத்தையும் கவனிக்காமல் கெடுவதே அதிகம். பொறுப்பை உங்கள் தலையில் வைத்திருக்கிறார்கள், நகரம் கிளாஸ்கோ என்றால், கீழே சொல்வதை அந்த வரிசையிலேயே செய்யுங்கள்.

இந்த வேலைக்கு கிளாஸ்கோ நல்ல தேர்வு. 2008-இல் யுனெஸ்கோ இதை இசை நகரமாக அறிவித்தது. சென்ட்ரல் ரயில் நிலையத்திலிருந்து அரைமணி நேர நடைக்குள் பழைய பப், நாட்டுப்புற இசை, ராக் மேடை, நிலவறை கிளப் எல்லாம் அடங்கிவிடும். டாக்ஸியில் கரையும் நேரமும் பணமும் மிச்சம்.

தேதியும் ஆள் கணக்கும்

கல்யாணத்துக்கு மூன்று நான்கு வாரம் முன்பாக ஒரு வெள்ளி-ஞாயிறைத் தேர்ந்தெடுங்கள். அடுத்த வாரம் தாலி கட்ட வேண்டியவரைச் சுளுக்கிய காலோடு வீட்டுக்கு அனுப்பக் கூடாது. தேதியை உறுதி செய்யுமுன் நான்கு விஷயம் பாருங்கள். ஜனவரி பின்பாதியில் செல்டிக் கனெக்ஷன்ஸ் விழா நடக்கும். இசைக்கு அருமையான காலம், ஆனால் அறை கிடைக்காது. கோடையில் கிளாஸ்கோ கிரீன் மைதானத்தில் நடக்கும் டிரான்ஸ்மிட் விழாவின்போதும் இதே நிலைதான். ஓவோ ஹைட்ரோ அரங்கில் பெரிய பாடகர் வருகிறாரா என்று பாருங்கள். அந்த இரவு விடுதி வாடகை எகிறும். நான்காவது, இந்த ஊரின் பரம எதிரிக் கால்பந்து அணிகளான செல்டிக்கும் ரேஞ்சர்ஸும் மோதும் நாள். அதைத் தவிர்த்துவிடுவதே நல்லது.

எட்டுப் பேர் சரியான எண்ணிக்கை. பன்னிரண்டு சமாளிக்கலாம். அதற்கு மேல் போனால் ஒரே மேசை கிடைக்காது, ஒருவர் பின்வாங்கினால் மொத்தக் கணக்கும் மாறும். வருகிறேன் என்று வாட்ஸ்அப்பில் கைதூக்கியவரையெல்லாம் கணக்கில் சேர்க்காதீர்கள். முன்பணம் போட்டவர்தான் வருகிறவர். மாப்பிள்ளையின் செலவை மற்றவர்கள் பங்கிட்டுக்கொள்வது வழக்கம் என்பதால் ஆளுக்கு எவ்வளவு என்று சொல்லும்போதே அதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். பின்னால் தனியாகக் கேட்டால் மனத்தாங்கல் வரும். பணம் கையில் வந்த பிறகே எதையும் பதிவு செய்யுங்கள், ஏனென்றால் விடுதி முன்பணமும் இசை டிக்கெட்டும் பெரும்பாலும் திரும்பி வராதவை.

தங்குமிடம், வந்து சேர்வது

குறுகிய கால வாடகைக் குடியிருப்புகள் பல, ஸ்டாக் கூட்டத்தை ஏற்பதில்லை என்று விதியிலேயே எழுதியிருக்கும். குடும்ப விழா என்று மறைத்துப் பதிவு செய்தால் முதல் இரவே வெளியேற்றலாம், முன்பணமும் போகும். உண்மையைச் சொல்லி, இருவர் அறைகளாக நகர மையத்தில் பல ஊர்களில் கிளை உள்ள ஒரு விடுதியில் எடுங்கள். சென்ட்ரலுக்கும் குவீன் ஸ்ட்ரீட் நிலையத்துக்கும் இடைப்பட்ட பகுதி, அல்லது சாக்கிஹால் தெருவை ஒட்டிய பகுதி என்றால் இரண்டு இரவும் நடந்தே திரும்பலாம். கிளப் முடியும் அதிகாலை 3 மணிக்கு இதன் அருமை தெரியும்: பெரும்பாலான கிளப்கள் ஒரே நேரத்தில் மூடும், டாக்ஸி வரிசை நீளும், சுரங்க ரயில் அதற்கு வெகுமுன்பே நின்றிருக்கும்.

லண்டன் யூஸ்டனிலிருந்து சென்ட்ரலுக்கு ரயிலில் சுமார் நாலரை மணி நேரம். விமான நிலையத்துக்கு ரயில் கிடையாது; 500-ஆம் எண் பேருந்து நகர மையத்தில் இறக்கிவிடும். காரில் வருகிறவர்கள் கவனிக்க: 2023 ஜூன் 1 முதல் நகர மையம் குறைந்த மாசு மண்டலம். யூரோ 6 புகைத் தரத்துக்குக் கீழான டீசல் வண்டியும் யூரோ 4-க்குக் கீழான பெட்ரோல் வண்டியும் நுழைந்தால் அபராதம். பழைய மினிபஸ்ஸை வாடகைக்கு எடுப்பவர்கள் இதில்தான் மாட்டுகிறார்கள்.

முதலில் இசை, அதைச் சுற்றி மற்றவை

பப் எந்நேரமும் இருக்கும், இசை டிக்கெட் இருக்காது. ஆகவே சனிக்கிழமை இரவுக்கான நிகழ்ச்சியை முதலில் வாங்கிவிட்டு, சாப்பாடு, பப், கிளப் எல்லாவற்றையும் அதன் நேரத்துக்கு ஏற்றபடி அடுக்குங்கள். இதைத் தலைகீழாகச் செய்தால் மாலை ஆறு மணிக்கே ஒரு பப்பில் வேரூன்றி, அங்கேயே இரவும் முடிந்துவிடும்.

செயின்ட் வின்சென்ட் தெருவின் கிங் டட்ஸ் 300 பேர் கொள்ளும் சின்ன மேடை. 1993 மே மாதம் ஒயாசிஸ் என்ற ராக் குழுவை ஒரு இசைத்தட்டு நிறுவனத்தின் நிறுவனர் கண்டெடுத்தது இங்கேதான். பெயர் தெரியாத குழுவாக இருந்தாலும் இங்கே வாங்கிவிடலாம். மேடைக்கும் உங்களுக்கும் பத்தடி தூரம் இருந்தால் அதிகம். நகரின் கிழக்கே காலோகேட்டில் இருக்கும் பாரோலேண்ட் முற்றிலும் வேறு அனுபவம். 1934-இல் நடனக் கூடமாகத் திறந்து, 1958-இல் எரிந்து, 1960-இல் மீண்டும் எழுந்தது. சுமார் 2,000 பேர் நிற்கலாம், கூட்டம் குதித்தால் மரத்தளமும் கூடவே அசையும். பிரிட்டனில் ராக் இசை கேட்க இதைவிட நல்ல கூடம் இருப்பதாக நாங்கள் நினைக்கவில்லை. மாப்பிள்ளைக்குப் பிடித்த குழு இங்கே வரும் தேதியைப் பார்த்து, அதற்கேற்ப வார இறுதியையே நகர்த்தலாம்.

டிக்கெட்டில் கதவு திறப்பு 7 மணி என்றிருந்தால், முக்கியக் குழு மேடையேற 9 மணி ஆகலாம், 11-க்குள் முடிந்துவிடும். நேர அட்டவணையை அன்று மதியம் அரங்கமே சமூக ஊடகத்தில் போடும். முன்னால் வாசிக்கும் துணைக் குழுவையும் தவறவிடாதீர்கள். ஆளுக்கு ஒரு ஜோடி காதடைப்பான் வாங்கிக்கொள்ளுங்கள். மறுநாள் காதிரைச்சல் இருக்காது.

வெள்ளி இரவு: கூட்டத்தைப் பழகவிடுங்கள்

மாப்பிள்ளையின் கல்லூரி நண்பர்களும் அலுவலக நண்பர்களும் மச்சானும் முதன்முதலில் சந்திக்கும் இரவு இது. கிளப் சத்தத்தில் யாரும் யாரோடும் பேச முடியாது. அதனால் வெள்ளிக்கிழமை பப்பும் கெய்லியும் போதும்.

கெய்லி என்பது ஸ்காட்லாந்தின் கூட்டு நடனம். ஆர்கைல் ஆர்கேடை ஒட்டிய ஸ்லோன்ஸில் வெள்ளிக்கிழமை இரவுகளில் நடப்பது பெயர்பெற்றது, முன்பதிவு கட்டாயம். நடனம் தெரியாதவர்களுக்கே இது ஏற்றது, ஏனென்றால் ஒவ்வொரு பாட்டுக்கு முன்பும் ஒருவர் மேடையிலிருந்து அடிகளைச் சொல்லித்தருவார். கே கார்டன்ஸ் என்ற நடனம் எளிது. டாஷிங் வைட் சார்ஜென்ட் மூன்று மூன்று பேராக ஆடுவது, கூச்சம் போய்விடும். ஸ்ட்ரிப் த வில்லோதான் ஆபத்து: கையைக் கோத்து வேகமாகச் சுழற்றுவார்கள், மிதமிஞ்சிக் குடித்தவர் பிடி நழுவிச் சுவரில் போய் மோதுவார். முழங்கையைக் கோத்துக்கொண்டு ஆடுங்கள், வழுக்கும் தோல் செருப்பு வேண்டாம், நிறையச் சாப்பிட்ட உடனே இறங்காதீர்கள். கில்ட் (ஸ்காட்லாந்து ஆண்களின் கட்டம் போட்ட பாவாடை) வாடகைக்கு எடுக்க ஆசை என்றால் அதற்கும் இதுவே இரவு. ஒழுங்காக அணிந்த கில்ட்டை இந்த ஊரில் யாரும் வேடமாகப் பார்ப்பதில்லை.

அதற்கு முன் ஒரு மணி நேரம் நாட்டுப்புற இசைக்கு. ஸ்டாக்வெல் தெருவின் ஸ்கோஷியா பார் 1792-ஆம் ஆண்டைத் தன் தொடக்கமாகச் சொல்கிறது. ஃபின்னிஸ்டனில் பென் நெவிஸ் பாரும் இத்தகைய இசைக்குப் பெயர்பெற்றது. வாசிக்கும் நாளை முன்கூட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள். இங்கே மேடை கிடையாது. ஒரு மேசையைச் சுற்றிப் பிடிலும் அக்கார்டியனும் வைத்து வாசிப்பார்கள். அந்த மேசையின் காலி நாற்காலி இன்னொரு கலைஞருக்கானது, உட்காரக் கூடாது. சினிமாப் பாட்டோ பாப் பாட்டோ வாசிக்கச் சொல்லிக் கேட்பது மரியாதை ஆகாது. இரண்டு மூன்று மெட்டுகள் சேர்ந்து ஒரு தொகுப்பாக வரும், அது முடிந்ததும் கைதட்டுங்கள். அந்த மேசையில் எல்லாருக்கும் ஒரு கிளாஸ் வாங்கிக்கொடுத்தால் உங்கள் கூட்டத்தை உடனே ஏற்றுக்கொள்வார்கள். இத்தகைய சின்ன பப்பில் பன்னிரண்டு பேரும் ஒரே நேரத்தில் நுழைந்தால் இசையே அமுங்கிப்போகும். ஆறு பேர் இங்கே, ஆறு பேர் பக்கத்துத் தெருவில், பாதி நேரத்தில் மாறிக்கொள்ளுங்கள்.

ரவுண்டு, அளவு, சட்டம்

மேசைக்கு ஆள் வந்து கேட்பார் என்று காத்திருக்காதீர்கள். பப்பில் கவுன்டருக்குப் போய்ச் சொல்லி, அங்கேயே பணம் கொடுத்து வாங்க வேண்டும். சுழற்சி முறையில் ஒருவர் எல்லாருக்கும் வாங்குவது ரவுண்டு. பன்னிரண்டு பேர் ஒரே ரவுண்டில் இருந்தால், எல்லாரும் ஒருமுறை வாங்கி முடிக்க ஆளுக்குப் பன்னிரண்டு கிளாஸ் குடித்தாக வேண்டும். அது நடக்காது, நடக்கவும் கூடாது. நான்கு பேர் கொண்ட மூன்று ரவுண்டுகளாகப் பிரியுங்கள். குடிக்காத நண்பர்களை ரவுண்டில் இழுக்காதீர்கள். ஆல்கஹால் இல்லாத பியர் இப்போது பெரும்பாலான பப்பிலும் உண்டு. அதை அவரே வாங்கிக்கொள்ளட்டும்.

ஒரு பைண்ட் 568 மி.லி. நான்கு சதவீத பியர் என்றால் அதில் 2.3 யூனிட் (ஒரு யூனிட் என்பது 10 மி.லி. தூய ஆல்கஹால்). விஸ்கி 25 அல்லது 35 மி.லி. அளவில் ஊற்றுவார்கள்; எது என்று விலைப்பட்டியலில் இருக்கும். ஹோப் தெருவின் பாட் ஸ்டில்லில் நூற்றுக்கணக்கான விஸ்கி உண்டு. பிடித்த சுவையையும் தாங்கும் விலையையும் சொல்லிக் கேட்டால் கவுன்டரில் இருப்பவர் பொறுமையாக எடுத்துக்கொடுப்பார். ஆனால் சனிக்கிழமை இரவில் அல்ல, மதியத்தில் போங்கள்.

இங்கிலாந்தில் பழகியவர்களைத் தடுமாறவைக்கும் சில சட்டங்கள் ஸ்காட்லாந்தில் உண்டு. மாலையில் ஒரு மணி நேரத்துக்கு மட்டும் விலை குறைப்பது இங்கே நடவாது. மாற்றிய விலையைக் குறைந்தது 72 மணி நேரம் வைத்திருக்க வேண்டும். ஒரே கட்டணத்தில் வேண்டிய மட்டும் குடிக்கலாம் என்ற சலுகைக்கும் தடை. கடையில் மது விற்பனை காலை 10 முதல் இரவு 10 வரை மட்டுமே. 2024 செப்டம்பர் 30 முதல் ஒரு யூனிட்டுக்குக் குறைந்தபட்ச விலை 65 பென்ஸ். 28 யூனிட் கொண்ட 700 மி.லி. விஸ்கி பாட்டில் 18 பவுண்டு 20 பென்ஸுக்குக் கீழே கிடைக்காது. தெருவில் குடிப்பது கிளாஸ்கோவில் குற்றம், அபராதம் உண்டு. விடுதி அறையில் குடித்து மிச்சப்படுத்தலாம் என்ற திட்டம் வேறு காரணத்தாலும் வேண்டாம்: தள்ளாடி வருபவருக்கு விற்கவே கூடாது என்பது சட்டம், கிளப் வாசலில் முதலில் பார்ப்பதும் அதைத்தான்.

நகர மையத்தில் பப்கள் பெரும்பாலும் நள்ளிரவு 12 மணி வரை, கிளப்கள் 3 மணி வரை. விற்பனை நின்ற பிறகு கையிலிருப்பதைக் குடித்து முடிக்க 15 நிமிடம்.

சனிக்கிழமை

காலை கனமான சிற்றுண்டியில் தொடங்குங்கள். மதியத்துக்கு ஒரு முன்பதிவு போதும். வெல்பார்க் ஆலையில் 1740-ஐத் தொடக்க ஆண்டாகக் கொண்ட டென்னன்ட்ஸ் பியர் வடிப்பதைச் சுற்றிப் பார்க்கலாம். விஸ்கிதான் பிடிக்கும் என்றால் கிளைட் நதிக்கரையில் 2017-இல் திறந்த கிளைட்சைடு வடிசாலை. இசைத்தட்டுப் பிரியர் இருந்தால் மோனோ: உணவு முழுவதும் தாவரம், பால்கூடக் கிடையாது, அதே கூரையின் கீழ் மோனோரெயில் இசைத்தட்டுக் கடை. சைவ நண்பர்களுக்கு இதைவிட நல்ல மதியம் அமையாது.

கிளாஸ்கோ என்றதும் எல்லாரும் கேட்பது சப்-க்ரால். 1896-இல் திறந்த சுரங்க ரயில் ஒரே வட்டம், 15 நிலையங்கள். ஒவ்வொன்றிலும் இறங்கி ஒரு கிளாஸ். கணக்குப் பாருங்கள். அரை பைண்டாகக் குடித்தாலும் 17 யூனிட் வரும். ஒரு வாரத்துக்கு 14-க்கு மேல் வேண்டாம் என்பது பிரிட்டன் மருத்துவத் துறையின் அறிவுரை. முழு பைண்ட் என்றால் மாலை ஐந்து மணிக்கே இரவு முடிந்தது, வாங்கிவைத்த டிக்கெட்டும் வீண். நான்கு நிலையங்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஹில்ஹெட்டில் இறங்கி ஆஷ்டன் லேன் என்ற குறுகிய தெருவையும், தேவாலயத்தைப் பப்பாக மாற்றிய ஓரன் மோரையும் பாருங்கள். பிறகு கெல்வின்பிரிட்ஜ், பியூக்கானன் ஸ்ட்ரீட், செயின்ட் ஈனக். செயின்ட் ஈனக்கில் இறங்கினால் ட்ரூரி தெருவின் ஹார்ஸ் ஷூ பார் நடை தூரம். அதன் நீண்ட லாட வடிவ கவுன்டரும் மாடியின் கரோக்கியும் இந்தக் கூட்டத்துக்குப் பொருத்தம்.

ஐந்து மணிக்கு உட்கார்ந்து சாப்பிடுங்கள். இதைத் தவறவிட்டவர்கள்தான் பத்து மணிக்கு விழுகிறார்கள். ஏழுக்கு அரங்கம். பத்தரைக்கு வெளியே வந்து நேராக கிளப்.

கிளப் வாசல்

எந்த கிளப் என்பதை முதலில் தீர்மானியுங்கள். ஜமைக்கா தெருவின் சப் கிளப் 1987 முதல் இயங்கும் நிலவறை. ஹவுஸ், டெக்னோ இசைக்காகவே வருகிற கூட்டம். நடனத் தளத்தின் அடியிலிருந்தே பேஸ் அதிர்வு காலில் ஏறும். மாப்பிள்ளைக்கு அந்த இசை உயிர் என்றால் மட்டும், சிறு குழுவாக, முன்கூட்டி டிக்கெட் வாங்கிப் போங்கள். பாட்டு எதுவானாலும் சரி, கூட்டமாக ஆட வேண்டும் என்றால் சாக்கிஹால் தெருவின் கராஜ்; முகப்பில் மஞ்சள் லாரி துருத்திக்கொண்டிருக்கும், தேடவே வேண்டாம். பல அறைகள், அறைக்கு ஒரு இசை.

இரண்டு வாரம் முன்பே கிளப்புக்கு மின்னஞ்சல் அனுப்பி, எத்தனை ஆண்கள், எத்தனை மணிக்கு, ஸ்டாக் என்பதையும் சேர்த்துச் சொல்லி எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். மேசை முன்பதிவு எடுத்தால் நுழைவு அநேகமாக உறுதி, செலவும் அதற்கேற்ப. பதில் வராவிட்டால் வேறு கிளப் பாருங்கள்.

ஒரே மாதிரி டி-சர்ட், ஊதும் பொம்மை, மாப்பிள்ளைக்குப் பெண் வேடம் எல்லாம் மாலையோடு முடியட்டும். கிளப்புக்குச் சட்டை, கருமையான கால்சட்டை, சுத்தமான ஷூ. கால்பந்துச் சட்டை எந்த அணியுடையதானாலும் வேண்டாம். செல்டிக்கின் பச்சை-வெள்ளையும் ரேஞ்சர்ஸின் நீலமும் இந்த நகரில் வெறும் நிறங்கள் அல்ல; பல பப் வாசலில் அணிச் சட்டைக்கு அனுமதி இல்லை என்றே பலகை இருக்கும். நீங்கள் எந்த அணிக்கு ஆதரவு என்ற விளையாட்டுக் கேள்விக்கும் சிரித்துவிட்டு நகருங்கள்.

இருபத்தைந்துக்குக் கீழே தெரிகிறவர் எவரிடமும் அடையாளச் சான்று கேட்பது ஸ்காட்லாந்துச் சட்டப்படி கட்டாயம். முப்பது வயதுக்காரரிடமும் கேட்பார்கள். பாஸ்போர்ட் அல்லது பிரிட்டன் ஓட்டுநர் உரிமம். இந்திய, இலங்கை உரிமத்தை நம்பி வராதீர்கள். போனில் இருக்கும் படம் செல்லாது. வெளிநாட்டவருக்குப் பிரிட்டன் தந்த குடியிருப்பு அட்டைகள் 2024 இறுதியோடு காலாவதியாகிவிட்டதால், இங்கே விசாவில் இருப்பவர் பாஸ்போர்ட்டையே கொண்டுவர வேண்டும். உள்பையில் வைத்து ஜிப் போடுங்கள். தொலைந்தால் திங்கட்கிழமை தூதரக வேலைதான்.

மூன்று நான்கு பேராக, பத்து நிமிட இடைவெளியில் வரிசையில் நில்லுங்கள். முன்பதிவு இருந்தால் மட்டும் பெயரைச் சொல்லி ஒன்றாக. அதிகம் குடித்திருப்பவரை நடுவில் மறைத்துக் கூட்டிப்போவது பலிக்காது. அவரால் எல்லாரும் வெளியே நிற்பீர்கள். அவருக்குத் தண்ணீரும் சாப்பாடும் கொடுத்து, ஒருவர் கூடவே விடுதிக்குப் போகட்டும். காவலாளி மறுத்தால் வாதாடாதீர்கள், ஐந்து நிமிடத்தில் முடிவு மாறாது. இன உணர்வோடு மறுத்ததாகத் தோன்றினால் நேரத்தையும் அவர் அணிந்திருக்கும் எஸ்.ஐ.ஏ. (காவலாளிகளுக்கு உரிமம் தரும் அமைப்பு) உரிம எண்ணையும் குறித்துக்கொண்டு, மறுநாள் எழுத்தில் புகார் கொடுங்கள். வாசலில் சோதனை உண்டு. போதைப்பொருள் பிடிபட்டால் போலீஸ் வரும். விசாவில் இருப்பவருக்கு அது வாழ்க்கையையே புரட்டிவிடும்.

உள்ளே போன பிறகு

ஒவ்வொருவருக்கும் ஒரு துணை என்று ஜோடி சேர்த்துவிடுங்கள், மாப்பிள்ளைக்கு இருவர். பிரிந்தால் சந்திக்கும் இடத்தையும் நேரத்தையும் போன் பேட்டரி தீருமுன் தீர்மானியுங்கள். கிளாஸை மேசையில் விட்டுவிட்டு ஆடப் போக வேண்டாம். மாப்பிள்ளையின் கிளாஸில் அவருக்குத் தெரியாமல் மதுவை ஊற்றுவது வேடிக்கை அல்ல, சட்டப்படி குற்றம்.

ஒருவரை எழுப்ப முடியவில்லை, மூச்சு மெதுவாகவோ விட்டுவிட்டோ வருகிறது, தோல் குளிர்ந்து நீலம் பாய்ந்திருக்கிறது என்றால் 999. தூங்கட்டும் என்று விடக் கூடாது. வாந்தி மூச்சுக்குழாயில் போய்த்தான் உயிர் போகிறது. ஒருக்களித்துப் படுக்கவைத்து, உதவி வரும்வரை பக்கத்திலேயே இருங்கள். அவசரமில்லாத மருத்துவ ஆலோசனைக்கு 111.

வெளியே வந்தால் சென்ட்ரல் பக்கத்தில் கார்டன் தெருவில் கறுப்பு டாக்ஸி வரிசை உண்டு. மற்ற வாடகைக் கார்கள் முன்பதிவில் மட்டுமே. தெருவில் நிறுத்தித் தானாக அழைக்கும் காரில் ஏறாதீர்கள்.

ஞாயிறு

அறையைக் காலி செய்யும் நேரத்தை நண்பகலுக்குத் தள்ளித்தர முன்பே கேட்டுவையுங்கள். பாரோலேண்டை ஒட்டிய பாரஸ் சந்தை வார இறுதியில் மட்டும் கூடும். வெறும் தலைவலியோடு நடப்பதற்கு நல்ல இடம். சுரங்க ரயில் ஞாயிறு காலை 10 மணிக்குத்தான் தொடங்கும், மாலை ஆறு மணியளவில் நின்றுவிடும். கையில் மிஞ்சிய ஸ்காட்லாந்து வங்கி நோட்டுகளை இங்கேயே செலவழியுங்கள், லண்டன் கடைகளில் சிலர் வாங்கத் தயங்குவார்கள்.

காரில் வந்தவர்களுக்கு ஒரு கணக்கு. ஸ்காட்லாந்தில் 2014 டிசம்பர் முதல் ஓட்டுநருக்கான வரம்பு 100 மி.லி. ரத்தத்தில் 50 மி.கி.; இங்கிலாந்தில் அது 80. உடல் ஒரு யூனிட்டைக் கரைக்கச் சுமார் ஒரு மணி நேரம் எடுக்கும். ஆளுக்கு ஆள் மாறும். சனிக்கிழமை மாலை ஆறு மணிக்குத் தொடங்கி எட்டு பைண்டும் இரண்டு விஸ்கியும் குடித்தவருக்கு 20 யூனிட் சேர்ந்திருக்கும். ஞாயிறு மதியம் இரண்டு மணிவரை அவர் சாவியைத் தொடக் கூடாது. காபியோ குளியலோ அதைக் குறைக்காது. ஓட்டுகிறவர் யார் என்பதை வெள்ளிக்கிழமையே தீர்மானித்து, சனிக்கிழமை அவரை மது இல்லாமல் வைத்திருங்கள். ரயில் என்றால் பிற்பகல் டிக்கெட். ஞாயிறுகளில் தண்டவாளப் பராமரிப்பு நடக்கும் என்பதால், பதிவு செய்யும்போது நேரடி ரயில்தானா என்று பார்த்து வாங்குங்கள்.